எண்ணிப் பார்த்தவர்கள்

2023 மார்ச் 2ஆம் தேதி பிற்பகல் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. மேலே அணைத்தால் அடியில் கனன்றது. குன்றுகளாகக் கிடந்த பிளாஸ்டிக்கை மண்வாரி எந்திரங்கள் புரட்டிக் கொடுக்க, திறந்த குழிகளுக்குள் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டியிருந்தது. கடற்படை ஹெலிகாப்டர்களும் வந்து நீர் ஊற்றின. அணைந்து முடிய மார்ச் 13 ஆகிவிட்டது. அதுவரை கொச்சியிலும் திருக்காக்கரையிலும் திருப்பூணித்துறையிலும் மக்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். கொரோனா போய்விட்டதென்று அலமாரிக்குள் போட்ட முகக்கவசங்கள் மறுபடி வெளியே வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

அந்த மார்ச் மாதத்தில் குப்பையைப் பற்றிக் கருத்தில்லாத குடியிருப்போர் சங்கம் ஒன்றைக் கொச்சி வட்டாரத்தில் தேடிப்பிடிப்பது கடினமாக இருந்திருக்கும். எனக்குச் சுவையாகப் படுவது அதற்கு முந்தைய கதை. பிரம்மபுரத்தில் பதினைந்து ஆண்டுகளாகவே குப்பை கொட்டப்பட்டு வந்தது. இடம் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. வடவுகோடு-புத்தன்குரிசு ஊராட்சியில், கடம்பிரயாற்றின் கரையில் இருக்கிறது. அங்கே குடியிருந்தவர்களுக்கு நாற்றமும் கறுத்த கசிவுநீரும் அன்றாடப் பிரச்சினையாக எப்போதோ ஆகிவிட்டன. 2023க்கு முன்பும் அங்கே தீப்பிடித்ததுண்டு. கொச்சியின் குப்பை மட்டுமன்றி, திருப்பூணித்துறை உட்பட அக்கம்பக்கத்து நகராட்சிகளின் குப்பையும் அங்கே போயிருக்கிறது. காலையில் வாசலில் வைத்த பை மறைந்துவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது. பை போன இடத்திலிருந்து புகையாகத் திரும்பி வந்தபோதுதான் அது நிகழ்ச்சிநிரலில் ஏறியது.

ஒரு குடிமக்கள் அமைப்பு தன் பிரச்சினையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? எடுத்த பிரச்சினையில் இதுதான் எங்கள் நிலைப்பாடு என்று சொல்லும் இடத்துக்கு எப்படி வந்து சேருகிறது? கட்சிகளைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகிய நாம், தெருவோரச் சங்கங்களைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்கள் நல்லது செய்கிறவர்கள் என்று பொதுவாக ஒரு மதிப்பு வைத்து நகர்ந்துவிடுகிறோம்.

திருப்பூணித்துறை இதைப் பார்க்க வாகான ஊர். பழைய கொச்சி அரச குடும்பத்தின் ஊர். ஹில் பாலஸ், பூர்ணத்ரயீசர் கோயில், ஓணத்துக்கு முன்னோடியாக வரும் அத்தச்சமய ஊர்வலம் ஆகியவற்றால் பெயர் பெற்றது. இன்றைக்கு எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் ஊரும்கூட. 2024 மார்ச் 6 அன்று மெட்ரோ ரயில் அங்கே வந்து சேர்ந்தது. தெருவுக்குத் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் இருக்கும். அவற்றின் கூட்டமைப்பாக ராஜநகரி யூனியன் ஒன்றும் உண்டு, சுருக்கமாக ட்ரூரா. மாவட்ட அளவில் எட்ராக் என்ற பேரவை இருக்கிறது. சாலை, பாலம், பேருந்து நிலையம், மெட்ரோ நிலையத்துக்குப் போகும் வழி என்று செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் குடியிருப்போர் குரலாகத் தென்படுவது பெரும்பாலும் இத்தகைய கூட்டமைப்புகளின் குரல்தான்.

கேரளத்தில் இப்படிப்பட்ட சங்கக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் போக்கு தெரியும். ஞாயிறு மாலை, யாராவது ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம். பத்திருபது பிளாஸ்டிக் நாற்காலி. செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து சென்ற கூட்டக் குறிப்பை வாசிப்பார். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள்: வங்கி, மின்வாரியம், துறைமுகம், கல்லூரி. பெண்கள் வருவார்கள், பின்வரிசையில் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வருவது அரிது; பல சங்கங்களில் அவர்களைக் கூப்பிடும் வழக்கமே இருக்காது. தெருவிளக்கு, தெருநாய், குப்பை எடுக்க வரும் ஹரித கர்ம சேனைக்கு மாதாமாதம் கொடுக்கும் கட்டணம், குழாய்க்காகத் தோண்டிவிட்டு மூடாமல் போன சாலை, ஓண விழாவுக்கு வசூல் என்று போகும் பட்டியல். கடைசியாக ‘மற்றவை’. அதற்குள் தேநீரும் பழம்பொரியும் வந்துவிடும். மற்றவை அதோடு முடிந்துபோகும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எரியாத விளக்கை எரியவைப்பது சின்ன வேலையில்லை என்பது இருட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா தெருமுனைக் குப்பையில்தான் ஆரம்பித்தது. அது எத்தனையோ தெருக்களின் முகத்தை மாற்றியது. நான் சொல்ல வருவது தேர்வு நடக்கும் விதத்தைப் பற்றி. இத்தகைய சங்கங்களில் ஒரு பிரச்சினை மேலே வர மூன்று சல்லடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வாசலிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். கவுன்சிலரிடமோ எம்.எல்.ஏ.விடமோ மனுக் கொடுத்தால் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வந்து உட்கார்ந்திருப்பவர்களில் யாரையும் அது கடிக்கக்கூடாது. முதலிரண்டை எல்லோரும் வெளிப்படையாகச் சொல்வார்கள். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை, எழுதியும் வைப்பதில்லை. ஆனால் மூன்றிலும் கண் மிகச் சன்னமான சல்லடை அதுதான்.

குண்டன்னூரிலிருந்து திருப்பூணித்துறையைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்று பேசப்பட்டுவரும் புறவழிச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நெரிசலில் மாட்டுகிறவருக்கு அந்தச் சாலை நாளைக்கே வேண்டும். அதன் பாதையில் நிலம் வைத்திருப்பவரோ பல பதிற்றாண்டுகளாக விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் தவிக்கிறார். எடுத்தால் பணத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்பது அவர் கோரிக்கை. இருவரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ‘புறவழிச்சாலைப் பணிகளை விரைவுபடுத்துக’ என்ற தீர்மானம் இருவரையும் திருப்திப்படுத்தும். விரைவு என்ற சொல்லுக்குள் இருவரும் தத்தம் அர்த்தத்தை வைத்துக்கொள்ளலாம். நிலைப்பாடு எடுப்பதைத் தள்ளிப்போடத் தோதான மொழி அது. எல்லா நாட்டுச் சங்கங்களும் அதில் தேர்ந்தவை.

கேரள நகராட்சிச் சட்டம் இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. சிறிய நகராட்சிகளில் வார்டு சபை, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு. வார்டு சபையில் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர், வாடகைக்காரர் உட்பட. ஆனால் நகரத்தில் சபை கூடினால் பெரும்பாலும் நலத்திட்டப் பயனாளிகள் வருவார்கள், நடுத்தர வர்க்கம் வராது. நடுத்தர வர்க்கத்துக்குச் சங்கம் இருக்கிறது. ஒரே தெருவுக்கு இரண்டு நிகழ்ச்சிநிரல் என்றாகிவிடுகிறது.

இதே மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஓர் அமைப்பின் சுவடு அழுத்தமாகவே பதிந்திருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். 1962இல் கோழிக்கோட்டில், மலையாளத்தில் அறிவியல் எழுதுகிறவர்களின் சிறு கூட்டமாகத் தொடங்கியது. பி.டி. பாஸ்கரப் பணிக்கர் போன்றவர்கள் அதன் முன்னோடிகள். வெப்பவியலையும் தாவரவியலையும் தாய்மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சாஸ்திரகதி, சாஸ்திரகேரளம், குழந்தைகளுக்கு யுரீக்கா என்று பத்திரிகைகள் வந்தன. எழுத்தாளர் சங்கமாகவே அது நின்றிருக்கலாம். ஆனால் அறிவியலை ஊர் ஊராகச் சொல்லப் போனவர்களிடம் மக்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள்: ஆறு ஏன் இந்த நிறத்தில் ஓடுகிறது, விளைச்சல் ஏன் குறைந்தது என்று. ‘அறிவியல் சமூகப் புரட்சிக்காக’ என்ற முழக்கத்தை அது எழுபதுகளின் முற்பாதியில் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை. புத்தகம் விற்று, சந்தா வசூலித்து நடக்கிறது. இந்தக் கடைசிச் செய்தி நிர்வாகக் குறிப்புப்போல் தோன்றும். நிலைப்பாட்டுக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நிதி தருகிறவருக்குப் பிடித்த பிரச்சினையை எடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு வந்ததில்லை. வீட்டுக்கு வீடு நடந்து புத்தகம் விற்றாக வேண்டியிருந்ததால், மக்கள் எதைப் பற்றிப் படிக்கத் தயார் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது.

சைலன்ட் வேலி அணை விவகாரத்தில் பரிஷத்தை உலகம் அறிந்தது. பாரதப்புழையில் சேரும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி, சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் காட்டை மூழ்கடித்து, மின்சாரமும் பாசனமும் பெறுவது திட்டம். மொத்தம் 240 மெகாவாட் வரை திறன், பத்தாயிரம் ஹெக்டேருக்குப் பாசனம் என்று சொல்லப்பட்டது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. அந்தக் காடு நம் நீலகிரியின் தென்மேற்குத் தோள். சோலைமந்தி என்றும் சிங்கவால் குரங்கு என்றும் சொல்லப்படும் அரிய குரங்கின் வாழிடம். 1978இல் அஷ்காபாத்தில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்தக் குரங்குக்காகக் காக்கச் சொன்ன இடங்களில் சைலன்ட் வேலியோடு நம் களக்காடும் இருந்தது.

கேரளத்தில் அன்று நிலவரம் வேறு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, இடது, வலது எல்லோருமே அணை வேண்டும் என்றார்கள். மின்வாரியத் தொழிற்சங்கங்கள் அணைக்கு ஆதரவு. மலபாருக்கு மின்சாரமும் வேலையும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். வடக்கு மாவட்டங்கள் பின்தங்கியிருந்தன. எதிர்த்தவர்களிடம் ‘உங்களுக்குக் குரங்கு முக்கியமா, மனிதர் முக்கியமா’ என்று கேட்டால் போதும், விவாதம் முடிந்தது. பரிஷத்தின் உறுப்பினர்கள் யார்? பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், அரசு ஊழியர்கள். பெரும்பாலும் இடதுசாரி மனம் கொண்டவர்கள். அணை வேண்டும் என்ற முகாம் அவர்களுடைய சொந்த வீடு. மூன்றாவது சல்லடையின்படி இந்தப் பிரச்சினை பரிஷத்தின் பட்டியலுக்கே வந்திருக்கக்கூடாது.

வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியின் முதல்வராகவும் இருந்த தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் 1977இல் சாஸ்திரகதியில் ஒரு கட்டுரை எழுதினார். சைலன்ட் வேலியைக் காக்க வேண்டும் என்றார். ஓர் உறுப்பினரின் கட்டுரை; அமைப்பின் நிலைப்பாடு இல்லை. உள்ளே எல்லோரும் உடனே தலையாட்டவுமில்லை. மின்சாரம் இல்லாமல் தொழில் ஏது என்று கேட்டவர்கள் அமைப்புக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களை அடக்கவும் இல்லை, அவர்களுக்காகப் பேச்சை நிறுத்தவும் இல்லை. கேள்வியைக் கணக்குக்கு அனுப்பினார்கள். ஐவர் உட்கார்ந்து எழுதினார்கள். தாவரவியலுக்குப் பிரசாத், அணுப்பொறியாளரான எம்.பி. பரமேஸ்வரன், மின்பொறியாளர் வி.கே. தாமோதரன், வேளாண் அறிவியலுக்கு கே.என். சியாமசுந்தரன் நாயர், பொருளாதாரத்துக்கு கே.பி. கண்ணன். 1979இல் வெளிவந்த அந்த அறிக்கையின் தலைப்பிலேயே தொழில்நுட்பம், பொருளாதாரம், சமூகம், அரசியல் நான்கும் இருந்தன.

ஐவரில் ஒருவர்தான் காட்டைத் தொழிலாகப் படித்தவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வெறும் தாவரவியலாளர்கள் எழுதியிருந்தால் அது குரங்குக் கட்சியின் அறிக்கை ஆகியிருக்கும். இவர்கள் மின்வாரியத்தின் கேள்வியைத் தங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்: மலபாருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், இந்த அணை அதில் எவ்வளவு தரும், வேறு வழியில் தர முடியுமா, சொல்லப்படும் பாசனத்தைக் கிணறுகளாலும் சிறு திட்டங்களாலும் செய்ய முடியுமா, வேலைவாய்ப்பு கட்டுமானம் முடிந்த பிறகும் நிற்குமா. எதிராளியின் தராசிலேயே எதிராளியின் சரக்கை நிறுத்துப் பார்த்தார்கள். காட்டின் பெருமை பேசாமலேயே, மின்சாரக் கணக்கை வைத்தே பேச முடிந்தது அதனால்தான்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. சுகதகுமாரியும் மற்ற கவிஞர்களும் இயற்கைப் பாதுகாப்புச் சமிதி அமைத்து ஊர் ஊராகக் கவிதை வாசித்தார்கள். பையனூரில் ஆசிரியர் ஜான் சி. ஜேக்கப் மாணவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். அவர்களுடைய நிலைப்பாட்டுக்குக் கணக்குத் தேவைப்படவில்லை, பார்த்ததே போதுமாக இருந்தது. அவர்கள் இல்லாமல் பரிஷத்தின் அறிக்கையை யார் கவனித்திருப்பார்கள் என்றும் கேட்கலாம். நீதிமன்றம் கைகொடுக்கவில்லை, கேரள உயர்நீதிமன்றம் 1980 ஜனவரித் தொடக்கத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறகு தில்லியில் இந்திரா காந்தி, எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு, 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா. இந்த வெற்றிக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதற்குள் ஒளிந்திருக்கும் சின்ன விஷயம்தான் எனக்கு வேண்டியது: ஓர் உறுப்பினரின் கருத்து அமைப்பின் நிலைப்பாடாக ஆவதற்கு இடையில் ஈராண்டு வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்ததால்தான் தோழர்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு அமைப்பு உடையாமல் நிற்க முடிந்தது.

பரிஷத் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. 1987இல் கிராமப்புற வீடுகள் பத்தாயிரத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு நோய்க் கணக்கெடுத்தது. கேரளத்தில் சாவு குறைவு என்பது ஊரறிந்த பெருமை. நோய் குறைவில்லை, அதுவும் ஏழைகளிடம் கூடுதல் என்று அந்தக் கணக்கு காட்டியது. புகையில்லா அடுப்பு பரிஷத் அடுப்பு என்றே பெயர் பெற்று அடுக்களைகளுக்குள் போனது.

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு, அதாவது திருப்பூணித்துறைக்கும் மட்டாஞ்சேரிக்கும், பரிஷத் செய்த பெரிய காரியம் 1989இல் வந்தது. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து, ஓராண்டில் மாவட்டத்தில் எல்லோருக்கும் எழுத்தறிவு என்று இறங்கினார்கள். அன்று மாவட்ட ஆட்சியர் கே.ஆர். ராஜன். எழுத்தறிவைப் பிரச்சினையாகத் தேர்ந்தெடுத்ததில் புதுமை எதுவுமில்லை, எல்லா அரசும் பேசுவதுதான். புதுமை அடுத்த அடியில் இருந்தது. முதலில் பள்ளி திறக்கவில்லை, எண்ணப் போனார்கள். ஏறத்தாழ 50,000 தன்னார்வலர்கள் ஆறு லட்சம் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி, இங்கே யாருக்கு வாசிக்கத் தெரியாது என்று கேட்டார்கள். சுமார் 1.75 லட்சம் பேர் என்று தெரிந்தது. பெரும்பகுதி பெண்கள்.

கதவைத் தட்டிக் கேட்பது வெறும் புள்ளிவிவரச் சேகரிப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்க் கேட்டுப் பார்க்கலாம். தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஒரு நாற்பது வயதுப் பெண் வாசலில் நிற்கும் கல்லூரிப் பையனிடம் சொல்ல வேண்டும். அவன் அதைக் கேட்டு முகம் மாறாமல் எழுத வேண்டும். எழுதிக்கொண்டு போனவன் மறுவாரம் பாடம் சொல்ல வராவிட்டால், அவளிடமிருந்து வாங்கிப்போன வெட்கத்துக்குக் கடனாளி. எண்ணியவர்களில் பலர் அப்படித்தான் ஆசிரியர்களாக மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்ணப் போன இடத்தில் எண்ணாத ஒன்றும் கிடைத்தது. வயதானவர்கள் பலருக்கு எழுத்துத் தெரியாதது மட்டும் இடைஞ்சலாக இல்லை. எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. எழுத்தறிவுத் திட்டத்தில் கண்ணாடிக்கு ஏது பணம்? வீடுவீடாகப் போய்ப் பழைய மூக்குக்கண்ணாடி கேட்டார்கள். ஏறத்தாழ 50,000 கண்ணாடிகள் சேர்ந்தன. யாரோ மாற்றிய கண்ணாடி, யாரோ இறந்துபோன பெரியவரின் கண்ணாடி, பொருந்திய கண்ணுக்குப் போனது. எந்தக் கொள்கை வகுப்பாளரும் மேசையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்க மாட்டார்.

‘எழுத்தறிவு’ என்றால் என்ன என்பதையும் வளவளவென்று விடவில்லை. நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்க வேண்டும், நிமிடத்துக்கு ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும், நூறுவரை எண்ணி எழுத வேண்டும், மூன்றிலக்கக் கூட்டலும் கழித்தலும் தெரிய வேண்டும். சுமார் 1.35 லட்சம் பேர் தேறினார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார். அறிவிப்பில் கொஞ்சம் ஆரவாரம் கலந்திருந்தது உண்மை, 1.75 லட்சத்துக்கும் 1.35 லட்சத்துக்கும் இடையில் நாற்பதாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்பதாயிரத்தை நான் இப்போது சுட்டிக்காட்ட முடிவது அவர்கள் எண்ணி வைத்ததால்தான்.

நம் அறிவொளி இயக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. 1991-92இல் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துத் தொண்டர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே கிடைத்த ‘மூக்குக்கண்ணாடி’ சைக்கிள். வாசிக்கப் பழகிய பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். அது திட்டத்தின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது.

பரிஷத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் கட்டுரை பொய்யாகிவிடும். எல்லா அமைப்புக்கும் தனக்கென்று ஒரு மூன்றாவது சல்லடை இருக்கும், பரிஷத்துடையது கட்சி. உறுப்பினர்கள் பலர் மார்க்சிஸ்ட் கட்சியிலும் இருந்தார்கள். கல்யாசேரியில் பரிஷத் செய்துபார்த்த உள்ளூர்த் திட்டமிடல் 1996இல் இடதுசாரி அரசின் மக்கள் திட்ட இயக்கத்துக்கு உரமாயிற்று. மாநிலத் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று. பெரிய சாதனை. அத்தோடு எதிர்த்து நின்ற அமைப்பின் ஆட்கள் அரசின் பயிற்சியாளர்களாக மாறினார்கள். உள்ளே போனவனால் வெளியிலிருந்து கல்லெறிய முடியாது. நாலாம் உலகம் என்ற கருத்தை முன்வைத்த எம்.பி. பரமேஸ்வரனைக் கட்சி 2004இல் வெளியேற்றியது. அன்று பரிஷத்துக்குள் எத்தனை பேர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார்கள் என்பதை எந்த மினிட்ஸிலும் தேட முடியாது. இருந்தும், மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழுவின் 2011 அறிக்கையை இடுக்கியிலும் வயநாட்டிலும் கட்சிகளும் திருச்சபையும் எதிர்த்தபோது, அதை மக்களிடம் கொண்டுபோய் விவாதிக்க வேண்டும் என்றது பரிஷத். இடதுசாரி அரசே முனைப்பாக நின்ற சில்வர்லைன் அரை அதிவேக ரயில் திட்டத்தைக் கேரளத்தின் முன்னுரிமை அதுவல்ல என்று எதிர்த்தது. பழைய பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. தலை நரைத்த அமைப்பு என்று அதன் நண்பர்களே சொல்கிறார்கள், அதுவும் உண்மை. கொச்சியருகே செறாயில் பிறந்த எம்.கே. பிரசாத் 2022 ஜனவரி 17 அன்று கொரோனாவில் இறந்தார்.

இனித் திருப்பூணித்துறைக்குத் திரும்பலாம். ஊருக்குள் அந்தகாரத்தோடு என்று ஒரு நீரோடை போகிறது. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. இருளோடை என்று பெயர்க்கலாம், பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்கிறது. மழையில் நிறைந்து தெருவுக்கு வரும், வெயிலில் நாறும். ஊரின் கிழக்கே கோணோத்துப்புழையின் கதியும் இப்படித்தான்: ஆகாயத்தாமரை, அடைப்பு, கழிவு. தோட்டைத் தூர்வாருக என்ற கோரிக்கையில் முதலிரண்டு சல்லடைக்கும் சிக்கல் இல்லை. வாசலிலிருந்து தெரிகிறது, நகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம், ஒரு கோடையில் எந்திரம் வந்து சேற்றை வாரிக் கரையில் போடும், அடுத்த மழையில் அதே சேறு உள்ளே இறங்கும். தூர்வாருக என்பதும் விரைவுபடுத்துக என்பதுபோல யாரையும் கடிக்காத சொல்.

அது ஏன் நிறைகிறது என்று கேட்டால் சங்கம் வேறு இடத்துக்குப் போகும். மூன்று பேர், ஒரு நோட்டுப் புத்தகம், நீர் வற்றியிருக்கும் காலை நேரம் போதும். இரு கரையிலும் நடந்துபோய், எத்தனை குழாய் தோட்டுக்குள் திறக்கிறது, எது மழைநீர், எது சமையலறை, எது கழிவறைத் தொட்டி, எந்த இடத்தில் மதில் தோட்டின் மேல் ஏறி நிற்கிறது என்று குறிக்கலாம். பொறியாளர் தேவையில்லை, ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த சங்கத்தில் பொறியாளருக்குப் பஞ்சமும் இல்லை. முதல் கூட்டத்தில் கிடைக்காத நிலைப்பாடு அந்த நோட்டிலிருந்து கிடைக்கும். கிடைப்பதற்கு முன்னால் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, நோட்டை வாசிக்கச் சொல்லிக் காத்திருக்கும் வீட்டுக்காரரின் குழாய் அதில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கக்கூடும். வாசிக்கிறவர் அந்த வரியில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.